பயம் மெஷினைக் கண்டு அல்ல!



"விவசாயிக்குப் புதுசா எதைப் பார்த்தாலும் பயம். பழசையே கட்டிக்கிட்டு அழறாங்க. அதனால்தான் முன்னேற மாட்டேங்கறாங்க."

இந்தப் பேச்சை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! குறைதீர் கூட்டத்தில் அதிகாரி சொல்கிறார். டி.வி. விவாதத்தில் கோட்டு போட்ட நிபுணர் சொல்கிறார். மருந்துக் கம்பெனி ஏஜென்ட் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றபடி சொல்கிறார். நம் வீட்டுப் படித்த பிள்ளைகளே சில நேரம் "அப்பாவுக்கு போனைக் கண்டாலே நடுக்கம்" என்று சிரிக்கிறார்கள்.

சரி, அப்படியே இருக்கட்டும். நாம் பயந்தாங்கொள்ளிகளா என்று நம் வயலிலேயே நின்று கணக்குப் பார்த்துவிடுவோம். பயம் இருந்தால் எதைக் கண்டு, ஏன் என்பதையும் பேசிவிடுவோம். அதற்காகத்தான் இந்தத் துண்டறிக்கை.

பயந்தவர்கள் செய்கிற காரியமா இது?

நம் தாத்தா காலத்தில் கிணற்றில் ஏற்றமும் கமலையும் ஓடின. இரண்டு மாடும் ஒரு ஆளும் விடியற்காலை தொடங்கினால் அரை ஏக்கர் நனைய வெயில் ஏறிவிடும். ஆயில் என்ஜின் வந்தது. கடன் வாங்கிப் போட்டோம். கரண்ட் மோட்டார் வந்தது. காத்துக் கிடந்து இணைப்பு வாங்கினோம். தண்ணீர் கீழே போனபோது கம்ப்ரசர் போட்டோம். அதற்கும் கீழே போனபோது சப்மெர்சிபிள் இறக்கினோம். இதில் எதையாவது வேண்டாம் என்று சொல்லி மறுபடி கமலை மாட்டைப் பூட்டிய விவசாயி உண்டா?

மோட்டாரை வேண்டாம் என்று சொல்வது இருக்கட்டும், அந்த மோட்டாருக்கான மின்கட்டணத்தை எதிர்த்து உயிரையே கொடுத்தவர்கள் நாம். 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் கோவை நகரத்தை மாட்டு வண்டிகளால் நிறைத்தோம். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் சங்கம் கட்டி நின்றதே இந்தக் கரண்டுப் பிரச்சினையில்தான். கரண்டைக் கண்டு பயந்தவன் கரண்டுக்காகக் குண்டடி படுவானா?

விதையைப் பாருங்கள். 1965-ல் ஆடுதுறை 27 வெளியானது. குறுகிய வயது நெல். சில வருடங்களிலேயே தஞ்சைக் குறுவையில் பெரும்பகுதி அந்த நெல்லாக மாறியது. 1966-ல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து விவசாயி ஒருவர் அதில் கண்ட விளைச்சலைப் பார்த்துத் தன் பிள்ளைக்கே ஐ.ஆர்.எட்டு என்று பெயர் வைத்தார். புதுசைக் கண்டு பயந்தவர் பிள்ளைக்கு வைக்கிற பெயரா அது?

திருந்திய நெல் சாகுபடி வந்தது. மடகாஸ்கர் தீவில் 1980களில் ஒரு பாதிரியார் விவசாயிகளோடு சேர்ந்து கண்ட முறை. 2000-க்குப் பிறகு நம் ஊருக்கும் வந்தது. 14 நாள் நாற்று, ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை, குத்துக்கு ஒற்றை நாற்று, கயிறு பிடித்துச் சதுர நடவு, உருளும் களைக்கருவி. "இது என்னய்யா, மொட்டை வயல் மாதிரி இருக்கு" என்று பக்கத்து வயல்காரர்கள் சிரித்தபோதும் நம் ஆட்கள் நட்டார்கள். தூர் கட்டி நின்றபோது சிரித்தவர்களும் வந்து கேட்டு நட்டார்கள்.

பிறகு பல பேர் அதில் பாதியை விட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை. ஏன் விட்டார்கள்? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொன்னார்கள். வாய்க்காலில் முறை வைத்து, அதுவும் வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற கடைமடைக்காரர் எப்படி நினைத்த நாளில் வடித்து, நினைத்த நாளில் பாய்ச்சுவார்? களைக்கருவியைச் சேற்றில் தள்ளிய பெண்களுக்குத் தோள்பட்டை விட்டுப் போனது. எடை குறைந்த கருவி கேட்டோம். கிடைக்கவில்லை. ஆனால் காகிதத்தில் என்ன எழுதுவார்கள்? 'விவசாயிகளிடம் புதிய முறையை ஏற்கும் மனநிலை இல்லை.' தண்ணீர் இல்லாததையும் கருவி சரியில்லாததையும் மனநிலை என்று எழுதிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, பாருங்கள்!

பயந்தவன் முட்டாள் இல்லை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில விஷயங்களில் நம்மவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் சரிதான் என்று பிறகு நாடே ஒத்துக்கொண்டது.

பக்கத்துக் கேரளத்தில் காசர்கோடு. அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அன்றைக்கு அதுதான் நவீனத் தொழில்நுட்பம். கீழே கிணறு இருந்தது, ஓடை இருந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் பயந்து கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விவரம் போதாது என்றார்கள். கடைசியில் 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடு என்று உத்தரவு போட்டது. விவரம் போதாமல் இருந்தது யாருக்கு?

பி.டி. பருத்தி 2002-ல் அனுமதி பெற்றது. பச்சைக் காய்ப்புழு செத்தது, மருந்துச் செலவும் முதலில் குறைந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 450 கிராம் பாக்கெட் 1600 ரூபாய்க்கு மேல் விற்றார்கள். அதில் பெரும்பகுதி கம்பெனியின் உரிமைத் தொகை. ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகு 2006-ல் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. கம்பெனி நஷ்டப்பட்டு மூடிக்கொண்டு போகவில்லை. அப்படியானால் அதுவரை பிடுங்கிய கூடுதல் பணம் எதற்கு? சில வருடங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விதைக்கும் அசராமல் திரும்பி வந்தது. மறுபடி மருந்து, மறுபடி செலவு. விலை கேட்டவரையும் "நாளைக்குப் புழு பழகிட்டா என்ன பண்றது" என்று கேட்டவரையும் பிற்போக்குவாதி என்றார்களே, அந்தக் கேள்வியில் என்ன தப்பு இருந்தது?

புதுசு என்றால் முதலில் ஓரத்து வயலில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஒரு போகம் போனால் நமக்கு ஒரு வருடம் போச்சு. கம்பெனிக்கு ஒரு வருடக் கணக்கில் ஒரு வரி. அவர் அவசரப்படலாம், நாம் முடியாது. இதற்குப் பெயர் பயம் இல்லை, நிதானம்.

இது பழைய பழி

"மெஷினைக் கண்டு பயப்படுகிறவன்" என்று ஏழையைத் திட்டுவது நம் ஊரில் பிறந்த பழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் 1811-ல் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னுகிற தொழிலாளர்கள் ராத்திரியில் தறிகளை உடைத்தார்கள். லுட் என்று ஒரு கற்பனைத் தலைவர் பெயரில் செய்தார்கள். இன்றைக்கும் தொழில்நுட்பத்தை எதிர்ப்பவரை ஆங்கிலத்தில் லுட்டைட் என்று கேலி செய்வது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தத் தறியில்தான் அவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். எல்லாத் தறியையும் அவர்கள் உடைக்கவும் இல்லை. கூலியைக் குறைத்து மட்டமான சரக்குப் போட்ட முதலாளிகளின் தறியைத் தேடி உடைத்தார்கள். நியாயமான கூலி கொடுத்தவர் தறியை விட்டுவிட்டார்கள். 1812-ல் தறி உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது.

1830-ல் அதே நாட்டில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் மெஷின்களை உடைத்தார்கள். பனிக்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு கையால் கதிரடிப்பது. மெஷின் வந்தது, பிழைப்புப் போனது, மாற்று வேலை யாரும் காட்டவில்லை. கோபத்துக்குக் கிடைத்த பதில், 19 பேருக்குத் தூக்கு, ஏறக்குறைய 500 பேர் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல்.

நாம் எந்த மெஷினையும் உடைக்கச் சொல்லவில்லை. உடைத்தால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே, "மெஷின் மிச்சப்படுத்துகிற காசு யாருக்குப் போகிறது?" என்ற கேள்வி, அதை இருநூறு வருடம் கழித்து நாமும் கேட்கிறோம்.

நடவு மெஷின் வருகிறது. நல்லது, ஆள் கிடைக்கவில்லை. ஆனால் பரம்பரையாக நட்ட பெண்களுக்கு அடுத்த வேலை என்ன? அறுவடைக்குப் பெல்ட் வண்டி வருகிறது. அதுவும் நல்லதுதான், மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். ஆனால் வானம் இருட்டினால் வாடகை ஏறுகிறது. வண்டி நம் கையில் இல்லை, ஏஜென்ட் கையில் இருக்கிறது. ட்ரோன் வருகிறது. ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் மருந்தடித்து விடுகிறது. கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து விஷக் காற்றைச் சுவாசிக்கிற நம் ஆட்களுக்கு அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? ஆனால் ஒன்றரை ஏக்கர்க்காரர் லட்சக்கணக்கில் போட்டு ட்ரோன் வாங்க முடியுமா? கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து நியாய வாடகைக்கு விட்டால் அது நம் தொழில்நுட்பம். தனியார் ஏஜென்ட் கையில் போனால் அது நம் தலையில் இன்னொரு கடன்.

இப்போது வந்திருக்கும் ஆபத்து

மோட்டார், விதை, ட்ரோன் எல்லாம் நாம் வேண்டும் என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் விடலாம். இப்போது வந்திருப்பது வேறு மாதிரி. போனில் பதியாவிட்டால் நீ விவசாயியே இல்லை என்கிறது.

பி.எம். கிசான் திட்டம் 2019-ல் வந்தது. வருடத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணை. 2022-ல் இ-கே.ஒய்.சி. கட்டாயம் என்றார்கள். அன்றைக்கு ஓ.டி.பி. வந்தாக வேண்டும், இல்லை கைரேகை விழுந்தாக வேண்டும் என்றார்கள். ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன நம்பர் வேறு ஆளுக்குப் போய்விட்டது, ஓ.டி.பி. அவருக்குப் போகிறது. சரி, கைரேகை வைக்கலாம் என்றால் வரப்பு வெட்டி, கதிர் அறுத்து, யூரியா வீசித் தேய்ந்த கை இது. மெஷினுக்கு நம் விரலைத் தெரியவில்லை. உழைத்ததற்கான அடையாளமே உழைப்பாளி இல்லை என்று சொல்லக் காரணமாகிவிட்டது!

மெஷின் இருந்தால் மோசடி நடக்காது என்றார்களே, நடந்ததைப் பாருங்கள். 2020-ல் இதே பி.எம். கிசானில் நம் தமிழ்நாட்டில் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கான பேரைச் சேர்த்துவிட்டார்கள். 110 கோடி ரூபாய் போனது என்று அரசே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர்களிலும் புரோக்கர்களிடமும் சுற்றியிருக்கிறது. நிலமில்லாதவனை உள்ளே விட்ட கம்ப்யூட்டர், நிலத்தில் நிற்கிறவனை ரேகை விழவில்லை என்று வெளியே தள்ளுகிறது. திருடனுக்குத் தெரிந்த குறுக்கு வழி, நேர்மையான விவசாயிக்குத் தெரிந்த நேர் வழியை விடச் சுலபமாக இருக்கிறது.

2022-ல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைன் பதிவு வந்தது. கேட்டால் இடைத்தரகரை ஒழிக்கத்தான் என்றார்கள். நோக்கத்தை நாமும் வரவேற்கிறோம். ஆனால் சர்வர் வேலை செய்யாத நாளில் நெல் என்ன ஆகும்? நெல்லுக்குச் சர்வர் தெரியுமா? களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லின் மேல் மழை பெய்தால் முளைக்கத்தான் செய்யும். பிறகு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மீட்டரைக் காட்டுகிறார்கள். அளக்க மெஷின் இருக்கிறது. காயவைக்க மெஷின் எத்தனை நிலையத்தில் இருக்கிறது? நம்மைத் தள்ளிவிடுகிற மெஷின் உடனே வருகிறது, நம்மைத் தூக்கிவிடுகிற மெஷின் மட்டும் கோப்பிலேயே கிடக்கிறது. இதைக் கேட்டால் தொழில்நுட்பத்துக்கு விரோதியாம்!

2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதியத் தொடங்கினார்கள். பட்டா எண்ணும் ஆதாரும் போனும் இணைய வேண்டும். பட்டா உள்ளவர் பதிந்துகொள்வார். குத்தகைக்கு உழுகிறவர்? கூட்டுப் பட்டாவில் நாலாவது பெயராக இருப்பவர்? தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் பேரன்? கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுகிறவர்? சேற்றில் இறங்குகிறவன் பெயர் திரையில் இல்லை, பட்டணத்தில் இருக்கிற நிலக்காரர் பெயர் திரையில் இருக்கிறது. நாளைக்கு உரமும் கடனும் இன்சூரன்சும் இந்த எண்ணுக்குத்தான் என்றால் உழுகிறவன் கதி என்ன? கம்ப்யூட்டர் பட்டாவைத்தான் படிக்கும், கையில் காய்த்திருக்கும் காய்ப்பைப் படிக்காது.

உண்மையில் பயந்தது யார்?

2020 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டில்லி எல்லைக்குப் போனார்கள். எதில் போனார்கள்? டிராக்டரில். தங்கள் சேதியை உலகத்துக்கு எப்படிச் சொன்னார்கள்? கையிலிருந்த செல்போனில் படம் பிடித்து நேரலையில் சொன்னார்கள். பேஸ்புக்கில் பக்கம் தொடங்கினார்கள். முண்டாசு கட்டிய பெரியவர்கள் யூடியூப்பில் பேசினார்கள். அப்போது என்ன நடந்தது? 2021 ஜனவரி கடைசியில் சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லைகளில் இன்டர்நெட்டையே துண்டித்தார்கள்!

விவசாயி போன் எடுக்கப் பயப்படுகிறான் என்று சொன்னவர்கள், விவசாயி போனை எடுத்ததும் பயந்துபோய் சிக்னலை வெட்டினார்கள். அப்புறமும் போராட்டம் நிற்கவில்லை. 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. தொழில்நுட்பத்தைக் கண்டு நமக்குப் பயமில்லை. அது நம் கையில் வந்தால்தான் சிலருக்குப் பயம்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆட்சியாளர்களிடம் கேட்கிற நாம் நமக்குள்ளும் பேச வேண்டும். "அதெல்லாம் நமக்கெதுக்கு, பையன் பாத்துக்குவான்" என்று ஒதுங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது ஆபத்து. பையன் திருப்பூரில் இருக்கிறான், சென்னையில் இருக்கிறான். பணம் எடுக்க ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கடைக்காரப் பையனிடம் கொடுக்கிறோம். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ போன் பண்ணினால் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறோம். நமக்குத் தெரியாத இடத்தில்தான் புரோக்கர் பிழைக்கிறான். நேற்று மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்கினான், இன்றைக்குப் பட்டனை அமுக்கிக் கொடுக்கக் காசு வாங்குகிறான்.

மோட்டார் ஸ்டார்ட்டரின் ரிலேயைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை இது. டிராக்டர் ஹைட்ராலிக்கை வயலிலேயே சரி பண்ணுகிற கை இது. இந்தக் கைக்குப் போன் ஒரு பெரிய விஷயமா? ஆகவே செய்ய வேண்டியவை:

ஊருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக, படித்த இளைஞர்களைக் கிளைச் சங்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு, சிட்டா அடங்கல், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் இவர்கள் கிளை அலுவலகத்தில் காசு வாங்காமல் செய்து தருவார்கள்.

எதைப் பதிந்தாலும் ஒப்புகைச் சீட்டை அச்சடித்து வாங்கி வையுங்கள். போனில் வந்ததை மட்டும் நம்பாதீர்கள்.

ஓ.டி.பி.யையும் ரகசிய எண்ணையும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதிகாரி என்று சொன்னாலும் சொல்லாதீர்கள்.

சர்வர் இல்லை, ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால், தேதி போட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் கிளைச் செயலாளரைக் கூப்பிடுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. போனிலும் பதியலாம், காகிதத்திலும் கொடுக்கலாம் என்று இரண்டு வழியும் இருக்க வேண்டும். ரேகை விழவில்லை, ஓ.டி.பி. வரவில்லை என்பதற்காக எந்த விவசாயியின் உதவித் தொகையையும் நிறுத்தக் கூடாது.

2. கொள்முதல் நிலையத்தில் சர்வர் பழுதானால் அன்றைக்கு நோட்டில் எழுதி நெல்லை எடுக்க வேண்டும். காத்திருந்து நனைந்த நெல்லுக்கு அரசே பொறுப்பு.

3. ஈரப்பத மீட்டர் இருக்கிற ஒவ்வொரு நிலையத்திலும் நெல் உலர்த்தும் மெஷினும் இருக்க வேண்டும்.

4. குத்தகை விவசாயிக்கும் கோயில் நிலச் சாகுபடியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்றை வைத்தே அடையாள எண் தர வேண்டும்.

5. அறுவடை வண்டி, நடவு மெஷின், ட்ரோன் ஆகியவற்றைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கி வைத்து நியாய வாடகைக்கு விட வேண்டும். தனியார் வண்டிக்கு மாவட்ட நிர்வாகம் நிர்ணயிக்கிற வாடகைக்கு மேல் வாங்கினால் நடவடிக்கை வேண்டும்.

6. நடவு, அறுப்பு வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளிகளுக்கு, முதலில் பெண்களுக்கு, அந்த மெஷின்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சியும் வேலையும் தர வேண்டும்.

தோழர்களே! பெரியோர்களே!

இவை பேராசைக் கோரிக்கைகள் அல்ல. பணம் கொட்டி புதுசாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. நம்மை வாசலில் நிறுத்தாதே, வழி விடு என்கிறோம். தனி ஆளாகப் போனால் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பார்கள். நூறு பேராகப் போனால் சர்வர் எழுந்து உட்காரும்!

கோரிக்கைகளை வலியுறுத்தி வட்டாட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடைபெறும். நாளும் நேரமும் கிளைகள் மூலம் ஊர் ஊராகத் தண்டோரா போட்டு அறிவிக்கப்படும். பட்டா உள்ளவர், இல்லாதவர், குத்தகைக்காரர், கூலிக்காரர் எல்லோரும் வாரீர்! கைரேகை விழாத பெரியவர்கள் முன்வரிசையில் நிற்க வாரீர்! போன் வைத்திருக்கும் இளைஞர்கள் ஆர்ப்பாட்டத்தைப் படம் பிடித்து ஊர் முழுக்கக் காட்ட வாரீர்!

மெஷினுக்கு எதிரி அல்ல விவசாயி!
மெஷினைக் காட்டி ஏமாற்றாதே!
காகித வழியை அடைக்காதே!
உழுகிறவனுக்கே அடையாளம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்